முதல் சீட்டை நீங்கள் எடுங்கள், டீச்சர்

கேள்வி: இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்குப் பக்கத்தில் படிப்பிக்கிறேன். தரம் 10இல் டவுன் பிள்ளைகளும் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளும் ஒட்டுவதே இல்லை. அதனால் வெள்ளிக்கிழமைகளில் கேள்விச் சீட்டு எடுத்துப் பேசும் விளையாட்டு ஒன்று நடத்துகிறேன். "உன் அம்மா பகலில் என்ன செய்வார்?" என்ற சீட்டுக்கு ஒரு மாணவி, "சும்மா வீட்டுல இருக்காங்க" என்றாள். அவள் அம்மா கொழுந்து எடுப்பவர் என்பது எல்லாருக்கும் தெரியும். பின்வரிசையில் சிரித்துவிட்டார்கள். அன்றிலிருந்து தோட்டத்துப் பிள்ளைகள் வாயே திறப்பதில்லை. நானும் லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில் பிறந்தவள்தான், அம்மா இன்னும் கொழுந்து எடுக்க மலைக்குப் போகிறார். மரியாதை குறைந்துவிடும் என்று பாடசாலையில் சொல்லிக்கொள்வதில்லை. வேறு நல்ல விளையாட்டு இருந்தால் சொல்லுங்கள்.

பதில்: தங்கச்சி, வேறு விளையாட்டு எதுவும் சொல்லப்போவதில்லை. பிள்ளைகள் சேரமாட்டேன் என்கிறார்கள் என்று எழுதும் ஆசிரியர்கள் எல்லாரும் புது விளையாட்டைத்தான் கேட்கிறார்கள். போகிறபோக்கில் அம்மாவைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அது போதும்.

அந்தப் பிள்ளை ஒரு நாள் சொன்ன பொய்யை நீங்கள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து வாய் திறக்காமலே சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். உங்களை டீச்சர் ஆக்கியது யார்? விடியுமுன் ரொட்டி சுட்டு வைத்துவிட்டு, இடுப்பில் படங்குத் துணியைக் கட்டி, கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டி, அட்டைக்கடியோடு மலை ஏறியவர். எடுத்த கொழுந்து கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதி நாள் சம்பளம்தான் என்று மழையிலும் தேயிலை நிரையை விட்டு இறங்காதவர். அவரைச் சொன்னால் மரியாதை குறையும் என்கிறீர்கள். எனக்குக் கோபம் வருகிறது. பெற்றவளை மறைத்துச் சம்பாதிக்கிற மரியாதை எந்தப் பிள்ளைக்கும் வேண்டாம்.

நீங்கள் ஒரு சீட்டாவது எடுத்ததாகக் கடிதத்தில் எங்கும் இல்லை. 1997இல் அமெரிக்க உளவியலாளர் ஆர்தர் ஏரன் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், முன்பின் தெரியாதவர்களை இருவர் இருவராக உட்காரவைத்து 36 கேள்விகளைக் கொடுத்தார்கள். இலேசான கேள்வியில் தொடங்கி மெல்ல மெல்ல உள்ளே போகும். ஒவ்வொன்றுக்கும் இருவருமே பதில் சொல்ல வேண்டும். நெருக்கம் வந்தது அப்படித்தான். 1948இல் பிரஜாவுரிமை பறிபோய், எஞ்சியிருந்தவர்கள் 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை நாடற்றுக் கிடந்த தோட்டத்துச் சனம் நாங்கள். எங்கே பிறந்தாய், யார் பிள்ளை என்று கேட்டவர்கள் ஃபைலோடுதான் வந்தார்கள். தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் ஒருவர் கேட்டால் எங்கள் பிள்ளைகளுக்கு அது விசாரணையாகத்தான் படும்.

வருகிற வெள்ளிக்கிழமை அந்தச் சீட்டை நீங்களே எடுத்துப் பதில் சொல்லுங்கள். அதற்கு முன் அம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அது அவருடைய வாழ்க்கை. அந்த மாணவியின் பேரை இழுக்காதீர்கள், தனியே கூப்பிட்டு ஆறுதலும் சொல்லாதீர்கள்.

பிறகு முழு வகுப்புக்கு முன்னால் பேசவைக்காமல் இருவர் இருவராக உட்காரவையுங்கள். வீட்டைப் பற்றிய சீட்டுகள் இந்தத் தவணைக்கு வேண்டாம். அம்மா வெளிநாட்டில் வீட்டு வேலையில் இருக்க, அம்மாயியிடம் வளர்கிற பிள்ளை உங்கள் வகுப்பிலும் இருக்கும். "மழை நாளில் எந்தக் குறுக்குப் பாதையில் வருவாய்?", "காமன் கூத்தில் உனக்கு எந்த வேஷம் வேண்டும்?" என்று தொடங்குங்கள். குறுக்குப் பாதை தோட்டத்துப் பிள்ளைக்குத்தான் தெரியும். டவுன் பிள்ளை அவளிடம் கேட்டுத்தான் ஆகவேண்டும். யாராவது சீட்டைத் திருப்பி வைத்தால் காரணம் கேட்காதீர்கள்.

சிரித்தவர்களையும் சும்மா விடாதீர்கள். தோட்டத்துச் சம்பள நாளை நம்பித்தான் டவுனில் பாதிக் கடை திறந்திருக்கிறது. கொழுந்து எடுக்கிற கைதான் அவர்கள் வீட்டிலும் சோறு போடுகிறது என்று, உங்கள் அம்மாவைப் பற்றிச் சொல்லி முடித்த கையோடு நேராகச் சொல்லுங்கள்.