கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே: மார்கழி, தை மாதக் கேள்வி-பதில்

மார்கழி பிறந்தால் கடிதங்கள் கூடிவிடும். இந்த முறை பாதிக்கு மேல் மூச்சுப் பயிற்சி பற்றியவை. எழுதும்போது உங்கள் வயது, குடிக்கும் குளிசைகள், இரவில் எத்தனை மணித்தியாலம் நித்திரை என்ற மூன்றையும் எழுதுங்கள் என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறேன். எழுதாதவர்களுக்கு ஊகித்துத்தான் பதில் சொல்ல முடிகிறது.

"கனடாவிலையிருந்து 7 பேர் வந்து நிக்கினம். மூண்டு கிழமை. விடிய 4 மணிக்குக் குசினிக்குள்ளை போனால் இரவு 11க்குத்தான் வெளியிலை. ஆர் என்ன கேட்டாலும் எரிஞ்சு விழுறன். மனம் அமைதியாக ஒரு வழி சொல்லுங்கோ."
*குடும்பத் தலைவி, கிளிநொச்சி*

முதலில் கணக்கைப் பாருங்கள், அம்மா. 4 மணியிலிருந்து 11 மணி வரை 19 மணித்தியாலம் போனால் மிச்சம் 5. அதிலும் படுத்தவுடன் நித்திரை வந்திருக்காது. நீங்கள் எரிந்து விழுவது குணக்கேடு அல்ல, நித்திரைக் கடன். அதை எந்த மூச்சுப் பயிற்சியும் அடைக்காது.

ஆகவே இரண்டு வேலைகளை இன்றைக்கே கைமாற்றுங்கள்: தேங்காய் திருவுவது, இரவுக் கோப்பை கழுவுவது. "ஆராவது உதவி செய்யுங்கோவன்" என்று பொதுவாகச் சொன்னால் ஒருவரும் எழும்பமாட்டார்கள். ஆளின் பெயரைச் சொல்லி, வேலையைச் சொல்லி, நேரத்தையும் சொல்லுங்கள். வந்தவர்கள் கனடாவிலும் தங்கள் கோப்பையைத் தாங்களேதான் கழுவுகிறார்கள், அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. பயற்றம் பணியாரமும் முறுக்கும் காற்றுப் புகாத டின்னில் ஒரு கிழமைக்கு மேல் நிற்கும். அவற்றை ஒரே நாளில் முடித்து வையுங்கள். வடை மட்டும் அன்றன்று போதும்.

இனி மூச்சு. கேத்தில் கொதிக்கும் நேரம் உங்களுக்குக் கிடைக்கிறது அல்லவா, அதை எடுத்துக்கொள்ளுங்கள். நின்றபடியே இரண்டு உள்ளங்காலும் நிலத்தில் பதியட்டும். மூக்கால் 4 எண்ணும் வரை உள்ளே. உதட்டைக் குவித்து, சூடான தேத்தண்ணியை ஊதுவது போல 6 எண்ணும் வரை வெளியே. 10 தரம். இரண்டு நிமிடம்கூட ஆகாது. வெளிமூச்சின்போது இதயத் துடிப்பு இயல்பாகவே சற்றுக் குறையும். வெளிமூச்சை நீட்டினால் அந்தக் குறைவும் நீளும். இவ்வளவுதான் இதிலுள்ள சூட்சுமம். பெரும்பாலானோர் பிழை விடுவது உள்மூச்சில்: நெஞ்சு நிமிர, தோள் உயர இழுக்கிறார்கள். ஒரு கையை வயிற்றில் வையுங்கள், அசைய வேண்டியது அந்தக் கை. கண் திறந்தே இருக்கட்டும்.

இன்னொன்று, கோபம் தலைக்கேறிய பிறகு முதன்முதலாகச் செய்து பார்க்க வேண்டாம். நீந்தத் தெரியாதவன் வெள்ளத்தில் பழக முடியாது. கேத்தில் வைக்கும்போது, விளக்கு வைக்கும்போது, கிணற்றடியில் கால் கழுவும்போது என்று மனம் சும்மா இருக்கும் வேளைகளில் ஒரு கிழமை பழகுங்கள்.

"நீங்கள் சொன்ன மூச்சுப் பயிற்சி செய்தேன். தலை சுற்றுகிறது. இது எனக்குச் சரிவராது."
*வாசகர், வவுனியா*

எத்தனை தரம் செய்தீர்கள், எவ்வளவு வேகமாக, நின்றா இருந்தா, வெறும் வயிறா என்று ஒன்றுமே எழுதவில்லை. சரிவராது என்ற தீர்ப்பு மட்டும் இருக்கிறது. தலை சுற்றினால் அநேகமாக ஒரே காரணம்தான்: பெரிய மூச்சாக, கெதியாக எடுத்திருக்கிறீர்கள். காபனீரொட்சைட்டு தேவைக்கு மேல் வெளியேறினால் மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் சுருங்கும். தலை சுற்றும், விரல் நுனி விறைக்கும். சிறிய மூச்சாக, மெதுவாக, கதிரையில் இருந்தபடி 5 தரம் மட்டும் செய்யுங்கள். விரதமென்றால் சாப்பிட்ட பிறகு செய்யுங்கள். பிரஷர் குளிசை குடிப்பவர் என்றால் கிளினிக்கில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். எந்தக் குளிசையையும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் செய்ய வேண்டும்?"
*மாணவி, மல்லாவி*

10 நிமிடம். ஒரே இருப்பில் வேண்டாம், 2 நிமிடமாக 5 தடவை.

"மாமாவுக்கு 60 வயது. புதுவருட இரவு வெடி கொளுத்தினால் நடுங்கி, வியர்த்து, கதவு மூலைக்குள் போய்க் குந்திவிடுவார். கண்ணை மூடித் தியானம் செய்யச் சொன்னோம். இன்னும் கூடிப்போய்விட்டது. ஏன்?"
*மருமகள், புதுக்குடியிருப்பு*

கண்ணை மூடச் சொன்னதால்தான் கூடியது. இதைத்தான் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வன்னியில் யாரும் யாரையும் "கண்ணை மூடு, மனதை வெறுமையாக்கு" என்று கட்டாயப்படுத்தக் கூடாது. ஒருநாள் பயிற்சிப் பட்டறை என்று பாயை விரித்து, 40 பேரைப் படுக்கவைத்து, விளக்கை அணைத்து, "உங்களுக்குப் பிடித்த கடற்கரையை நினையுங்கள்" என்கிறார்கள். முல்லைத்தீவுக் கடற்கரையை நினைத்தால் இங்குள்ளவருக்கு எது ஞாபகம் வரும் என்று அவர்கள் ஒரு நிமிடமும் யோசிப்பதில்லை. அந்தப் பாயிலிருந்து எழும்பி வீட்டுக்குப் போகிறவர் அன்றிரவு தனியாகத் தத்தளிக்கிறார். பட்டறை நடத்தியவர்கள் அப்போது ஏ-9 வீதியில் திரும்பிப் போய்க்கொண்டிருப்பார்கள்.

காரணத்தைச் சொல்கிறேன். 2009 யுத்தத்தில் மாதக்கணக்காகச் செல் சத்தத்துக்குள் இருந்த உடம்பு, சத்தம் கேட்ட கணமே ஒடுங்கிப் பழகியது. அன்று உயிரைக் காத்தது அந்தப் பழக்கம்தான். அறிவு "இது சீனவெடி" என்று சொல்வதற்கு முன்பே நெஞ்சு அடிக்கத் தொடங்கிவிடும். அந்த நேரத்தில் "இது இப்போது, இது வீடு" என்பதற்கு அவரிடம் உள்ள ஒரே சாட்சி கண். அதையும் மூடிவிட்டால் உள்ளே ஓடும் காட்சி மட்டும்தான் மிஞ்சும்.

செய்ய வேண்டியவை இவை. அன்று பின்னேரமே அயலட்டைப் பிள்ளைகளிடம் போய், எத்தனை மணிக்குக் கொளுத்துவீர்கள் என்று கேளுங்கள், ஒரு நேரத்துக்குள் முடிக்கச் சொல்லிக் கேளுங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். தொடங்க 10 நிமிடம் இருக்கும்போது மாமாவிடம் சொல்லுங்கள். எதிர்பாராத சத்தத்தை விட எதிர்பார்த்த சத்தம் உடம்புக்கு இலகு. விளக்கு எரியும் உள்ளறையில், முதுகு சுவரில் சாய்ந்திருக்க, கதவு தெரியும் இடத்தில் இருத்துங்கள். வானொலி ஓடட்டும். காதுக்குப் பஞ்சு வைப்பது சிலருக்கு உதவும், சிலருக்குச் சுற்றுவட்டம் கேட்கவில்லை என்ற பயத்தைக் கூட்டும். அதை அவரிடமே கேட்டுச் செய்யுங்கள்.

நடுக்கம் தொடங்கினால் பின்பக்கமாகப் போய்ப் பிடிக்க வேண்டாம். முன்னால், அவர் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருங்கள். கையில் குளிர்ந்த தண்ணீர்ச் செம்பைக் கொடுங்கள். வெறுங்கால் சீமெந்து நிலத்தில் அழுந்தட்டும். "மாமா, இது உங்கடை வீடு. இண்டைக்கு மார்கழி 31. நான் பக்கத்திலை இருக்கிறன்" என்று தாழ்ந்த குரலில் சொல்லுங்கள். பிறகு அறையில் தெரியும் 5 பொருளின் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள், கேட்கும் 3 சத்தத்தைச் சொல்லச் சொல்லுங்கள். பதில் வரத் தொடங்கியதும் வெளிமூச்சை நீட்டச் சொல்லலாம். அதற்கு முன் மூச்சுப் பயிற்சி வேண்டாம், எண்ண முடியாத நிலையில் எண்ணச் சொல்வது பதற்றத்தைக் கூட்டும். நித்திரைக்கு என்று சாராயம் கொடுக்க வேண்டாம். முன்னிரவு அயர்ந்தாலும் பின்னிரவில் முழிப்பும் கெட்ட கனவும்தான் வரும்.

"இன்னுமா பயம்?" என்று வீட்டில் ஒருவரும் கேட்கக் கூடாது. கனவு, திடுக்கிடல், வெளியே போகாமை என்பவை ஒரு மாதத்துக்கு மேல் தொடர்ந்தால் மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். இதற்கு நல்ல சிகிச்சை உண்டு, 60 வயது பிந்திய வயது அல்ல. சாக வேண்டும் என்ற பேச்சு வந்தால் நாள் கடத்த வேண்டாம். 1926 தேசிய மனநல உதவி இலக்கம், அவசரமென்றால் 1990 அம்புலன்ஸ்.

"திருவெம்பாவைக்கு 3.30க்கு எழும்புகிறேன். பத்து நாளும் பகலில் சிடுசிடுப்பு. பக்தி இப்படியா இருக்கும்?"
*ஆசிரியை, ஒட்டுசுட்டான்*

பக்தியில் குறையில்லை, படுக்கும் நேரத்தில்தான் குறை. சங்கும் சேமக்கலமும் கேட்டு எழும்புவதென்றால் 9 மணிக்கு முன் பாயில் இருக்க வேண்டும். மத்தியானம் 20 நிமிடம் படுங்கள். 3 மணிக்குப் பிறகு படுத்தால் இரவு நித்திரை கெடும். பின்னேரத் தேத்தண்ணியை விடுங்கள்: 4 மணிக்குக் குடித்ததன் கபீனில் ஏறத்தாழப் பாதி 9 மணிக்கும் உடம்பில் நிற்கும்.

"மூத்தவனைக் கண்டு 16 வருசத்துக்கு மேலை. பொங்கலுக்கு அவனுக்கும் ஒரு இலை வைக்கச் சொல்லி மனம் சொல்லுது. படைச்சால் செத்தவனாக்கிப் போடுவனோ எண்டு கை நடுங்குது."
*தாய், விசுவமடு*

அம்மா, கை நடுங்குவதில் நியாயம் இருக்கிறது. அந்தியேட்டியும் செய்ய முடியாது, வரவேற்கவும் முடியாது என்ற நிலையில் இருக்கிறீர்கள். இரண்டில் ஒன்றைத் தீர்மானி என்று உங்களை நெருக்க எவருக்கும் உரிமை இல்லை, பிள்ளைகளுக்கும் இல்லை.

படையலாக வைக்கத் தேவையில்லை. பிந்தி வருகிற பிள்ளைக்குச் சோற்றை மூடி வைப்பீர்களே, அப்படி அவன் பங்கை ஒரு கோப்பையில் எடுத்து மூடி வையுங்கள். பிறகு அதை ஒரு பேரப்பிள்ளையோ அயல்வீட்டுப் பிள்ளையோ சாப்பிடட்டும். அதற்கு முன் ஒரு கால்மணி நேரம் அவனுக்கென்று ஒதுக்குங்கள். அழுகை வந்தால் அழுங்கள், அவனுக்கு என்ன சாப்பாடு விருப்பம் என்று சின்னவர்களுக்குச் சொல்லுங்கள். நேரம் முடிந்ததும் முகத்தைக் கழுவி, அடுத்த வேலை ஒன்றைக் கையில் எடுங்கள். ஒதுக்காமல் நாள் முழுக்க அடக்கி வைத்தால் இரவு நெஞ்சு அடைக்கும். அடுத்த வருடம் வைக்க மனமில்லை என்றால் வைக்க வேண்டாம், அதுவும் பிழையில்லை.

"பண்டிகைக்கு நுண்கடன் எடுத்தேன். நினைத்தாலே நெஞ்சு படபடக்கிறது. மன அமைதிக்கு என்ன தியானம்?"
*வாசகி, தருமபுரம்*

கடனுக்குத் தியானம் இல்லை. கொப்பியும் பேனையும்தான். உதாரணத்துக்கு, 30,000 ரூபாய் எடுத்து, கிழமைக்கு 1,500 வீதம் 26 கிழமை கட்டினால் 39,000. உங்கள் இலக்கங்களை இப்படி எழுதிப் பாருங்கள். தலைக்குள் சுற்றும் கடன் எப்போதும் கடதாசியில் உள்ளதை விடப் பெரிதாகத் தெரியும். காலபோக நெல் காசு தை கடைசி, மாசியில்தான் கைக்கு வரும், தவணையோ மார்கழியிலேயே வாசலுக்கு வந்துவிடும். அந்த இடைவெளிக்கு என்ன வழி என்பதைக் கணவரோடு இருந்து எழுதுங்கள், மறைக்க வேண்டாம். ஒரு கடனை அடைக்க இன்னொன்று எடுக்க வேண்டாம். இனி உடுப்புக் கடையில் கை நீளும்போது ஒரு இரவு பொறுத்து, அடுத்த நாள் வாங்குங்கள். அடுத்த நாள் பாதி ஆசை போய்விடும்.

"ஹயர் வான் ஓடுறன். கட்டுநாயக்காவுக்கும் கிளிநொச்சிக்கும் இடையிலை ஓய்வில்லை. ஓடேக்கை செய்யக்கூடிய தியானம் ஏதும் இருக்கோ?"
*சாரதி, மாங்குளம்*

இல்லை. ஓடும்போது வீதியில் மட்டும் கவனம். கண் சொருகினால் மூச்சு, பாட்டு, வெத்திலை ஒன்றும் காப்பாற்றாது. ஓரமாக நிறுத்தி 20 நிமிடம் படுங்கள். ஒரு பக்கமே சுமார் 300 கிலோமீற்றர், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் இறங்குங்கள். முறிகண்டிப் பிள்ளையாரடியில் எப்படியும் நிற்பீர்கள். தேங்காய் உடைத்த பிறகு கச்சான் சரையில் 5 கச்சானை மட்டும், போனைப் பார்க்காமல், ஒவ்வொன்றாகக் கோது உடைத்து, மணந்து, மென்று சாப்பிடுங்கள். 3 நிமிடம் போதும், தோள் இறங்குவதை நீங்களே உணர்வீர்கள்.

"எந்த அப் நல்லது?"
*ஊரைக் குறிப்பிடவில்லை*

ஒன்றும் தேவையில்லை. போனை அடுத்த அறையில் வையுங்கள்.

"கணவர் ஒவ்வொரு நாளும் அரைப் போத்தல் குடிப்பார். புதுவருடத்தோடு நிப்பாட்டுவதாகக் கோயிலில் சத்தியம் வாங்கலாமா?"
*மனைவி, நெடுங்கேணி*

சத்தியம் வாங்குங்கள், ஆனால் அதற்கு முன் வைத்தியசாலைக்குப் போங்கள். நாளாந்தம் அவ்வளவு குடிப்பவர் திடீரென நிறுத்தினால் முதல் 3 நாளும் ஆபத்து: நடுக்கம், வலிப்பு, இல்லாததைக் கண்டு பேசுதல். உயிரும் போகலாம். மருந்தோடு நிறுத்த வேண்டிய குடி இது. வலிப்பு வந்தால் 1990.

"பிள்ளைகளுக்கு 6, 8 வயது. இருந்த இடத்தில் இருக்க மாட்டார்கள். மனதை ஒருமுகப்படுத்த எப்படிப் பழக்குவது?"
*தாய், முள்ளியவளை*

இருத்தி வைத்துப் பழக்க வேண்டாம். பொங்கல் பானையைக் காவல் காக்கக் கொடுங்கள். பால் சூடேறும்போது முதலில் மெல்லிய இரைச்சல், பிறகு விளிம்பில் சின்னக் குமிழ், அதன்பின் ஆடை விரிந்து மேலெழும். "சத்தம் எப்ப மாறுது எண்டு முதல் சொல்லுறவர் ஆர்?" என்று கேட்டுவிடுங்கள். இந்த வயதுக்கு 3 நிமிடம், கூடினால் 5 நிமிடம் போதும், அதற்கு மேல் கேட்கக் கூடாது. பால் பொங்கியதும் இருவரையும் ஒவ்வொரு சிறங்கை அரிசி எடுத்து, அதன் குளிர்ச்சியை உணர்ந்த பிறகு உங்கள் கையில் தரச் சொல்லுங்கள். பானைக்குள் போடுவது நீங்கள். மூன்று கல் அடுப்பிலிருந்து இரண்டு முழத் தூரத்தில் கோலமாவால் ஒரு கோடு போட்டு, அதற்கு உள்ளே வரக்கூடாது என்று சொல்லிவையுங்கள். பளபளப்பான நைலோன் பாவாடையை அடுப்படி வேலை முடிந்த பிறகு உடுத்திவிடுங்கள், தீப்பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டும். அதுவரை பருத்திச் சட்டை போதும்.