நடுவில் நிற்கும் ஆங்கிலம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நானும் கணவரும் செக் நாட்டின் ப்ர்னோ நகரில் வேலை பார்க்கிறோம். இந்தக் குளிர்காலத்தில் பெரியவர்களுக்கான ஜோடி நடன வகுப்பில் சேர்ந்திருக்கிறோம். ஆசிரியர் செக் மொழியில் மட்டுமே சொல்லித்தருகிறார். நான் வீட்டில் ஓர் ஆங்கிலக் கையேட்டை வைத்துப் படிக்கிறேன். ஆங்கிலச் சொல், அதற்கு அகராதி தரும் செக் சொல், தமிழ் விளக்கம் என்று மூன்று பத்திகளில் ஒரு பட்டியல் தயாரித்து இத்துடன் இணைத்திருக்கிறேன்.

ஆனால் பட்டியல் வகுப்பில் உதவவில்லை. ‘வால்ட்ஸ்’ என்றால் ‘வால்ச்சீக்’ என்கிறது அகராதி. வகுப்பிலோ அவை இரண்டு வேறு நடனங்கள். ‘நேச்சுரல் டர்ன்’ என்பதற்கு ‘இயற்கையான சுழற்சி’ என்று பொருள்படும்படி செக்கில் ஏதோ சொன்னேன், ஆசிரியர் சிரித்துவிட்டார். ‘ரெடோவா’ என்ற நடனப் பெயருக்கு நேரே செக் பத்தி காலியாகவே இருக்கிறது. சிறுவயதில் பரதநாட்டியம் கற்றவள் நான். அங்கே சொல் காதில் விழுந்ததும் கால் போகும். இங்கே சொல் காதில் விழுந்ததும் கால் நின்றுவிடுகிறது. நீங்கள் செக் கதைகளை மொழிபெயர்ப்பவர் என்பதால் கேட்கிறேன். திருத்தித் தந்தால் இங்குள்ள மற்றத் தமிழ்க் குடும்பங்களுக்கும் கொடுப்பேன்.

இன்னொன்று, கணவரின் கேள்வி. அறிமுகமில்லாத பெண்ணிடம் போய் ‘ஸ்மீம் ப்ரொசித்’ என்று செக்கில் நடனத்துக்கு அழைப்பது முறைதானா என்று தயங்குகிறார்.

ச., ப்ர்னோ

*

அன்புள்ள ச.,

பட்டியலைப் படித்தேன். செக் பத்தியில் பிழைகள் குறைவு. தமிழ்ப் பத்தி நன்றாகவே வந்திருக்கிறது. உங்கள் காலைப் பிடித்து நிறுத்துவது நடுவில் நிற்கும் ஆங்கிலம். அதை அழித்துவிடுங்கள் என்பதுதான் என் யோசனை. ஆங்கிலத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் நடன விஷயத்தில் அது நாம் நினைப்பதுபோல இரு மொழிகளுக்கும் பொதுவான பாலம் அல்ல. அதற்கென்று தனி வரலாறும் தனிப் பிடிவாதங்களும் உண்டு.

வால்ட்ஸிலிருந்தே தொடங்குகிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வியன்னாவிலிருந்து வந்த வேகமான சுழல் நடனத்துக்குச் செக் மக்கள் வைத்த பெயர் வால்ச்சீக். பிறகு ஆங்கிலேயர்கள் அதை மெதுவாக்கி, நீண்ட அடிகளாக இழுத்து ஆடத் தொடங்கினார்கள். அந்த வடிவம் பிராகுக்கு வந்தபோது வால்ச்சீக் என்ற பெயரில் ஏற்கனவே ஒரு நடனம் இருந்தது. ஆகவே வந்தது தன் ஆங்கிலப் பெயருடனேயே தங்கிவிட்டது. இன்று செக்கில் வால்ட்ஸ் என்றால் மெதுவானது, வால்ச்சீக் என்றால் வேகமானது. போட்டி விதிப்படி முன்னதற்கு நிமிடத்துக்கு 28 முதல் 30 தாளக்கட்டுகள், பின்னதற்கு 58 முதல் 60. உங்கள் ஆசிரியர் ‘வால்ட்ஸ்’ என்று அறிவிக்கும்போது நீங்கள் அகராதியை நம்பி வால்ச்சீக்குக்குத் தயாரானால், இரு மடங்கு வேகத்தில் கிளம்பி முன்னால் இருக்கும் ஜோடியை இடித்துவிடுவீர்கள். அகராதி பொய் சொல்லவில்லை. ஸ்ட்ராஸின் இசையைப் பற்றிய கட்டுரையை மொழிபெயர்க்க அது சரியான சொல். வகுப்புக்குத்தான் ஆகாது.

இதைவிட மோசமான பொறி உங்கள் பட்டியலின் நான்காம் வரியில் இருக்கிறது. ‘ஸ்டெப்’ என்பதற்கு நேரே ‘ஸ்டெப்’ என்றே எழுதியிருக்கிறீர்கள். செக்கில் அந்தச் சொல் இருக்கிறது, ஆனால் அது காலணியின் அடியில் உலோகத் தகடு பொருத்தித் தரையில் தட்டி ஆடும் டாப் நடனத்தைக் குறிக்கும். அடி வைப்பதற்குச் சொல் ‘க்ரோக்’. ‘எனக்கு ஸ்டெப் சொல்லிக்கொடுங்கள்’ என்று நீங்கள் கேட்டால், பக்கத்து அறையில் நடக்கும் வேறொரு வகுப்புக்கு உங்களை அனுப்பிவைப்பார்கள்.

நேச்சுரல் டர்ன் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியது. கூடத்தில் எல்லா ஜோடிகளும் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் நகர்கிறார்கள். செக்கில் அந்தப் போக்குக்கு ‘ஸ்மியெர் தன்ட்ஸெ’ என்று பெயர், நடனத்தின் திசை. அப்படி நகரும்போது வலப்பக்கமாகச் சுழல்வது எளிது. அதனால் அந்தக் கால ஆங்கிலேய ஆசிரியர்கள் அதை இயல்பான சுழற்சி என்றும், இடப்பக்கம் சுழல்வதைத் தலைகீழ் சுழற்சி என்றும் அழைத்தார்கள். காரணம் தெரியாதவனுக்கு இந்தப் பெயர்களிலிருந்து எந்தப் பக்கம் திரும்புவது என்று விளங்காது. ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களே முதல் மாதம் இதில் தடுமாறுகிறார்கள். செக் ஆசிரியர்கள் அந்த மூடுமந்திரத்தை மொழிபெயர்க்கவே இல்லை. ‘ப்ரவா ஒத்தாச்கா’, ‘லெவா ஒத்தாச்கா’ என்றார்கள். வலச் சுழற்சி, இடச் சுழற்சி. அவ்வளவுதான். உங்கள் ஆசிரியர் சிரித்ததில் வியப்பில்லை. இயற்கையான சுழற்சி என்று கேட்டால், செயற்கையான சுழற்சி எது என்று தோன்றும் அல்லவா?

இந்த ஆங்கிலச் சொற்கள் எங்கிருந்து வந்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் உலகப் போருக்குப் பின் அமெரிக்க இசை லண்டன் கூடங்களை நிறைத்தது. ஆளாளுக்கு ஒரு விதமாக ஆடினார்கள். 1920-ல் பிலிப் ரிச்சர்ட்சன் என்ற பத்திரிகை ஆசிரியர் நடன ஆசிரியர்களை ஒன்றுகூட்டினார். அடிகளை ஒழுங்குபடுத்தும் வேலை அங்கே தொடங்கியது. 1924-ல் நடன ஆசிரியர்களின் இம்பீரியல் சொசைட்டி இதற்கென்றே ஒரு கிளையை அமைத்தது. அங்கே வரையறுத்த அடிகளும் பெயர்களும் பிறகு கண்டம் முழுவதும் பரவின. செக் ஆசிரியர்கள் அவற்றை வாங்கிக்கொண்டபோது மிகத் தெளிவான ஒரு வேலை செய்தார்கள். உடலுக்கு விளங்கும் சொற்களை மொழிபெயர்த்தார்கள், வெறும் பெயராக நிற்பவற்றை அப்படியே விட்டார்கள். உடலை உயர்த்துவது ‘ஸ்ட்விஹ்’, சாய்ப்பது ‘நாக்லொன்’. குவிக்ஸ்டெப், ஸ்லோஃபாக்ஸ் என்ற நடனங்களின் பெயர்களும், விஸ்க் என்ற அடியின் பெயரும் ஆங்கிலமாகவே நிற்கின்றன. விஸ்க் என்பதற்கு நீங்கள் அகராதியில் தேடி முட்டை அடிக்கும் கருவியின் செக் பெயரைப் போட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அதை முதலில் அடித்துவிடுங்கள்.

இனி, காலியாக விட்ட ரெடோவா. நீங்கள் ஆங்கிலச் சொல்லுக்குச் செக் சொல் தேடுகிறீர்கள். அதுவோ செக்கிலிருந்து கிளம்பிப்போன சொல். செக் நாட்டின் மேற்குப் பகுதியான பொஹீமியாவின் ‘ரெய்தோவாக்’ நடனம் 1840-களில் பாரிஸ், லண்டன் கூடங்களுக்குப் போய், அங்கே ரெடோவா என்று பெயர் திரிந்தது. போல்காவும் அப்படித்தான். 1830-களில் பிராகில் பரவிய அந்த நடனம் அடுத்த பத்தாண்டில் பாரிஸையும் லண்டனையும் பித்துப்பிடிக்க வைத்தது. அந்த மோகத்தில் கடைக்காரர்கள் கண்ட பொருளுக்கெல்லாம் போல்கா என்று பெயர் வைத்தார்கள். புள்ளி போட்ட துணிக்கு ஆங்கிலத்தில் இன்னும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உங்கள் பட்டியலில் இத்தகைய சொற்களுக்கு ஆங்கிலப் பத்தியே மொழிபெயர்ப்பு, செக் பத்திதான் மூலம். அம்புக்குறியைத் திருப்பிப் போட வேண்டும்.

ஃபுரியான்ட் என்ற செக் நாட்டுப்புற நடனத்தை ‘ஆவேச நடனம்’ என்று தமிழில் எழுதியிருக்கிறீர்கள். ஆங்கிலத்தில் கோபத்தைக் குறிக்கும் சொல் காதில் ஒலித்திருக்கும். செக்கில் அது செருக்கோடு நெஞ்சை நிமிர்த்தி நடக்கும் ஆளைக் குறிக்கும். பணக்கார விவசாயியின் மிடுக்கு. அதனால்தான் இசையும் ஓர் அடத்தோடு நடக்கிறது. இரண்டிரண்டாக மூன்று முறை எண்ண வைத்துவிட்டு, மும்மூன்றாக இரண்டு முறைக்குத் தாவும். செக் இசையமைப்பாளர் ஸ்மெதனாவின் ‘விற்கப்பட்ட மணமகள்’ ஓபரா 1866-ல் பிராகில் அரங்கேறியது. அதில் வரும் ஃபுரியான்டைக் கேட்டுப்பாருங்கள். பரதநாட்டியத்தின் தாள நடைகள் பழகிய உங்கள் காதுக்கு அந்தத் தாவல் உடனே பிடிபடும். கால் பிடிக்கச் சற்று நாளாகும்.

சொற்களைத் தாமே உருவாக்கிக்கொள்ளும் பழக்கம் செக் மக்களுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே உண்டு. பிராகின் மேட்டுக்குடிக் கூடங்களில் அப்போது ஜெர்மன்தான் பேசுவார்கள். 1840-ல் செக் மொழி ஆர்வலர்கள் தங்களுக்கென்று ஒரு நடன விருந்து நடத்தியதே அரசியல் செயல்தான். அந்த வேகத்தில் ஐரோப்பா முழுவதும் காலப் என்று அழைத்த துள்ளோட்ட நடனம் ‘க்வாபீக்’ ஆனது. விரைவைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. நான்கு ஜோடிகள் சதுரமாக நின்று ஆடும் குவாட்ரில், நான்கு என்ற எண்ணிலிருந்து ‘ச்த்வெரில்கா’ ஆனது. 1860-களில் எழுத்தாளர் யான் நெருதாவின் தூண்டுதலில் நடன ஆசிரியர் கரெல் லிங்க் ஊர்ப்புற நடனங்களைக் கோத்து நான்கு ஜோடிகளுக்கு ‘செஸ்கா பெசெதா’ அமைத்தார். ஃபெர்டினான்ட் ஹெல்லர் இசை கோத்தார். அமெரிக்காவின் டெக்சஸ், நெப்ராஸ்கா பகுதிகளில் குடியேறிய செக் வம்சாவளியினர் இன்றும் அதை ஆடுகிறார்கள். தனித்தமிழ் இயக்கத்தைப் பார்த்த நமக்கு இந்த ஆவேசம் புதிதல்ல. எல்லாப் புதுச் சொல்லும் நிற்பதில்லை என்பதும் நமக்குத் தெரியும். க்வாபீக் நின்றுவிட்டது, ஏனென்றால் அதைக் கூப்பிட்டுக்கொண்டே ஆடினார்கள்.

நீங்கள் ப்ர்னோவில் இருப்பதால் ஒரு சொல்லைச் சேர்க்கச் சொல்வேன், வெர்புங்க். உங்கள் நகரம் இருக்கும் மொராவியாவின் தென்கிழக்கில், ஸ்லோவாட்ஸ்கோ பகுதியில் ஆண்கள் மட்டும் ஆடுவது. பாடலோடு மெதுவாகத் தொடங்கி வேகமெடுத்துத் துள்ளும். படைக்கு ஆள் சேர்ப்பதைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லிலிருந்து பெயர் வந்தது. அடிகள் முன்கூட்டி வகுத்தவை அல்ல, ஆடுபவன் அங்கேயே கற்பித்துக்கொள்பவை. 2005-ல் யுனெஸ்கோ இதை மனிதகுலத்தின் பாரம்பரியச் செல்வங்களில் ஒன்றாக அறிவித்தது. இதற்கு ஆங்கிலப் பெயரே தேட வேண்டாம்.

சரி, பட்டியலில் முதலில் எது வர வேண்டும்? நட்டுவனார் ‘தையா தை’ என்று தட்டுக்கழியைத் தட்டியபோது நீங்கள் அதை மனத்துக்குள் வேறொரு மொழிக்கு மாற்றிக்கொண்டா அடவு போட்டீர்கள்? அந்தச் சொற்களே அசைவாக இருந்தன. இங்கும் வாயால் எண்ணும் சொற்களை முதலில் எழுதுங்கள். ‘ரஸ், த்வா, த்ர்ஷி’ என்றால் ஒன்று, இரண்டு, மூன்று. கடையில் பொருள் எண்ணும்போது ஒன்றுக்கு வேறு சொல், தாளத்துக்கு ரஸ். ‘க்ரோக் சுன் க்ரோக்’ என்றால் அடி, சேர், அடி. போல்காவுக்கும் சா-சாவுக்கும் பயன்படும். ஒரு காலை மற்றக் காலோடு கொண்டுவந்து சேர்ப்பது ‘ப்ர்ஷீசுன்’. முன்னால், பின்னால், பக்கவாட்டில் என்பவை ‘வ்ப்ர்ஷெட்’, ‘வ்ஸட்’, ‘ஸ்த்ரனோவ்’. இவற்றில் ‘ர்ஷ்’ என்று நான் எழுதியிருக்கும் ஒலியை நம் எழுத்தில் அடக்க முடியவில்லை, ரகரமும் ஷகரமும் ஒரே நாக்கசைவில் பிறக்க வேண்டும். ழகரத்தைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்ளும் நாம் அங்கே போய் அடக்கமாக இருக்க வேண்டியதுதான்.

இவற்றுக்கு நேரே தமிழில் எந்தக் கால், எந்தத் திசை, எடை எங்கே என்று மட்டும் எழுதுங்கள். ‘பனோவெ, ஸதெய்தெ சே’ என்று ஆசிரியர் குரல் கொடுத்தால் ஆண்கள் எழுந்து போய் ஜோடி கேட்க வேண்டும். பாடத் தொகுதியின் முடிவில் நடக்கும் விருந்துக்கு ‘வியெனெச்செக்’ என்று பெயர். சிறு மாலை என்று நேர்ப்பொருள் போட்டிருக்கிறீர்கள். அதைப் படிக்கும் தமிழ்க் குடும்பங்கள் கையில் பூமாலையோடு போய் நிற்பார்கள். ‘நிறைவு விருந்து’ என்று மாற்றுங்கள்.

கணவரின் கேள்விக்கு வருகிறேன். தாராளமாகக் கேட்கலாம். பதின்ம வயதுப் பையன்களுக்கே அங்கே இதை முறையாகக் கற்றுத்தருகிறார்கள். உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போது ‘தனெச்னீ’ எனப்படும் மாலை வகுப்புகளுக்குப் போகிறார்கள். பையன்கள் கோட்டு அணிந்து, தலையை லேசாகத் தாழ்த்தி, ‘ஸ்மீம் ப்ரொசித்’ என்று கேட்கப் பழகுகிறார்கள். ‘வேண்டலாமா’ என்பது மட்டுமே அதன் பொருள். என்ன வேண்டுகிறான் என்பதைச் சொல்வதே இல்லை, அதுதான் அதன் நாகரிகம். அந்தப் பெண் கணவரோடு உட்கார்ந்திருந்தால் அவரைப் பார்த்தும் ஒரு தலையசைப்பு போதும். நடனம் முடிந்ததும் அந்தப் பெண்ணை அவர் இருக்கை வரை கொண்டுபோய் விட வேண்டும். நடுக்கூடத்தில் விட்டுவிட்டுத் திரும்பி வருவதுதான் அங்கே முறைகேடு.

‘டாம்ஸ்கா வொலென்கா’ என்று அறிவித்தால் பெண்கள் தேர்ந்தெடுக்கும் முறை. அப்போது உங்கள் கணவரை வேறு யாராவது வந்து அழைக்கலாம். மறுப்பது மரியாதை இல்லை என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஆங்கிலப் பத்தி இல்லாத புதிய பட்டியலை அனுப்புங்கள், செக் எழுத்துகளை மட்டும் சரிபார்த்துத் தருகிறேன்.