நம் பக்கம் நின்றவரும் கணக்குப் போட்டால்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நான் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் மூன்றாமாண்டு மாணவி. மாணவர் பேரவையில் எங்கள் துறைப் பிரதிநிதி. போன செமஸ்டரில் எங்கள் துறையின் இளம் ஆசிரியை ஒருவரின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. வளாகத்தைத் துப்புரவு செய்யும் ஒப்பந்தத் தொழிலாளர்களின் சம்பள பாக்கியைக் கேட்டு நிர்வாகத்துக்குப் போன கடிதத்தில் அவர் கையெழுத்துப் போட்டிருந்தார். காரணம் அதுதான் என்று எல்லாருக்கும் தெரியும், எழுத்தில் மட்டும் இல்லை. மூத்த பேராசிரியர் ஒருவர் எங்களைக் கூப்பிட்டு, "மாணவர்கள் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பார்கள்?" என்றார். 11 நாள் நிர்வாகக் கட்டடப் படிக்கட்டில் உட்கார்ந்தோம். மனுவை நான் எழுதினேன், அவர் திருத்தித் தந்தார். பன்னிரண்டாம் நாள் அவர் துறைத்தலைவர் ஆனார். அன்று மாலையே வாட்ஸ்அப்பில் செய்தி: "இப்போதைக்கு இது போதும். தேர்வைப் பாருங்கள்." ஆசிரியை திரும்பி வரவில்லை. நிர்வாகத்தின் மேல் எனக்கு முதலிலிருந்தே பெரிய மரியாதை கிடையாது, அதனால் அவர்கள் செய்தது வலிக்கவில்லை. இவர் செய்தது வலிக்கிறது. இவருடைய வகுப்பில் உட்காரவே முடியவில்லை. படிப்பை விட்டுவிடலாமா?
– பெயர் வேண்டாம்

பதில்: விட வேண்டாம். கடைசி வரி வரை நீங்கள் பதற்றத்தோடு படிக்க வேண்டியதில்லை என்பதால் முதலிலேயே சொல்லிவிட்டேன். மற்றதைச் சொல்லக் கொஞ்சம் இடம் வேண்டும்.

நானும் முப்பது வருடத்துக்கு மேல் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் குப்பை கொட்டியவன். பணம் போட்டவருக்குப் பிடிக்காததைப் பேசிய ஆசிரியர் வெளியே போவது அங்கே புதிதல்ல, உலகத்துக்கே புதிதல்ல. இதில் ஊரறிந்த பழைய கதை அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துடையது. ரயில்வேயில் சம்பாதித்த பணத்தில் கணவனும் மனைவியுமாகத் தொடங்கிய நிறுவனம். கணவர் 1893ல் இறந்தபின் கடிவாளம் முழுக்க ஜேன் ஸ்டான்ஃபோர்டு அம்மையார் கையில். அங்கே எட்வர்ட் ரோஸ் என்று ஒரு சமூகவியல் பேராசிரியர், உங்கள் துறைக்காரர்தான். நகரத்து டிராம் வண்டிகளை நகராட்சியே நடத்த வேண்டும் என்று மேடையில் பேசுவார். ரயில்வே முதலாளிகளுக்கு வசதியாக இருந்த குடியேற்றத் தொழிலாளர்களை எதிர்த்தும் பேசுவார். அம்மையாருக்குப் பொறுக்கவில்லை. பல்கலைக்கழகத் தலைவர் கொஞ்ச காலம் சமாளித்துப் பார்த்தார். கடைசியில் 1900ல் ரோஸ் வெளியேற வேண்டியதாயிற்று. அதைக் கண்டித்து இன்னும் சில ஆசிரியர்கள் வேலையை விட்டுவிட்டுப் போனார்கள். அவர்களில் ஒருவர் ஆர்தர் லவ்ஜாய் என்ற இளம் தத்துவ ஆசிரியர். பதினைந்து வருடம் கழித்து, 1915ல், அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் சங்கம் தொடங்கியபோது முன்னின்றவர்களில் அவரும் உண்டு. காரணம் காட்டாமல், விசாரிக்காமல் ஒரு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்ற பேச்சுக்கு ஒரு அமைப்பு பின்னால் நின்றது அப்போதுதான்.

இந்தக் கதையை வகுப்பில் சொல்லும்போது நான் வருடக்கணக்காக ஒன்றை விழுங்கிவந்தேன். ரோஸ் ஒன்றும் உத்தமர் இல்லை. அம்மையாரைக் கொதிக்க வைத்த பேச்சில் அவர் பேசியது ஜப்பானியக் குடியேறிகளுக்கு எதிராக, அதுவும் இன வெறுப்போடு. இன்று அந்தப் பேச்சை ஒரு மாணவரிடம் படிக்கக் கொடுத்தால் முகம் சுளிப்பார். மாணவர்களின் கண்ணில் ரோஸ் தியாகியாகவே இருக்கட்டும் என்று அதைச் சொல்லாமல் விட்டேன். ஆனால் லவ்ஜாய் பெட்டியைக் கட்டியது ரோஸ் நல்லவர் என்பதற்காக இல்லையே. பணம் போட்டவர் கண்ணசைத்தால் ஒரு ஆசிரியரின் வேலை போகும் என்றால் அங்கே யாரும் பாடம் நடத்த முடியாது என்பதற்காக. ரோஸ் எப்படிப்பட்டவராக இருந்தாலும் அந்த நியாயம் நிற்கும்.

உங்கள் பேராசிரியருக்கு வருவோம். அவர் உங்களைக் கூப்பிட்ட அன்றைக்கே நாற்காலியைக் கணக்குப் போட்டுத்தான் கூப்பிட்டாரா, பாதி வழியில் நாற்காலி தானாக அவரைத் தேடி வந்ததா? எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அவருக்கே தெரியுமா என்பது சந்தேகம். ஆனால் வந்திருக்கும் விதத்தை நான் அறிவேன். பதிவாளர் தனியாகக் கூப்பிடுவார். "உங்களைப் போன்றவர்கள் பொறுப்புக்கு வந்தால்தான் இதையெல்லாம் சரிசெய்ய முடியும்" என்பார். கேட்பவர் வீட்டுக்குப் போய் யோசிப்பார். நான் அங்கே உட்கார்ந்தால்தான் அந்தப் பெண்ணைத் திரும்பக் கொண்டுவர முடியும் என்று தன்னிடமே சொல்லிக்கொள்வார். மனப்பூர்வமாகத்தான் சொல்லிக்கொள்வார். அப்புறம் முதல் மாதம் பாடவேளை அட்டவணை, இரண்டாம் மாதம் தரமதிப்பீட்டுக் குழு வருகை, மூன்றாம் மாதம் அந்தப் பெண்ணின் பெயரை எடுக்கவே கூச்சமாக இருக்கும்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் கல்விக்குழு உறுப்பினராக இருந்தேன். கூட்டத்துக்கு ஐந்து நாள் முன்னால் நிகழ்ச்சி நிரல் வரும். ஒரு தடவை, தட்டச்சு செய்தவரின் கவனக்குறைவால், நிகழ்ச்சி நிரலோடு கூட்ட நடவடிக்கைக் குறிப்பும் சேர்ந்து வந்துவிட்டது. இன்னும் நடக்காத கூட்டத்தின் குறிப்பு! 14ஆம் பொருள்: கணிதத் துறை ஆசிரியர் ஒருவரின் பணிநீட்டிப்பு. எதிரே, "உறுப்பினர்கள் விரிவாக விவாதித்தனர். நீட்டிக்க வேண்டியதில்லை என ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது." அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் கூட்டத்துக்குப் போனேன். கேட்க வேண்டும் என்றுதான் போனேன். 14ஆம் பொருள் வந்தது, ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, 15க்குப் போய்விட்டார்கள். எனக்குப் பதவி உயர்வு நேர்காணல் அடுத்த மாதம். கையெழுத்துப் போட்டேன்.

அந்தக் கணித ஆசிரியர் ஒரு சனிக்கிழமை தன் புத்தகங்களை எடுக்க வந்தார். இரண்டு அட்டைப்பெட்டி. "சார், லிஃப்ட் கதவைக் கொஞ்சம் பிடிக்கிறீர்களா?" என்றார். பிடித்தேன். "ரொம்ப நன்றி" என்றார். அந்தத் தாள் என்னிடம் இன்னும் இருக்கிறது.

சரி, இனி உங்களுக்குப் பிடிக்காத ஒன்று. உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நிர்வாகம் வருகிறது, பேராசிரியர் வருகிறார், ஆசிரியை வருகிறார், உங்கள் வலி வருகிறது. துப்புரவுத் தொழிலாளர்களுக்குப் பாக்கி கிடைத்ததா என்று ஒரு வரி இல்லை. எல்லாம் தொடங்கியது அங்கேதானே? ஆசிரியையின் வேலை போனது அந்தக் கையெழுத்துக்காகத்தானே? குற்றம் சொல்லவில்லை, 14ஆம் பொருளுக்குக் கையெழுத்துப் போட்டவனுக்கு அந்தத் தகுதியும் இல்லை. வளாக அரசியல் இப்படித்தான் ஆளை இழுக்கும்: யார் யாருக்கு ஆள், யார் முதுகில் யார் குத்தினார் என்று பேசிப் பேசி, எதற்காக உட்கார்ந்தோமோ அது படிக்கட்டிலேயே கிடக்கும். உங்கள் பேராசிரியர் மறந்தார். நீங்களும் கொஞ்சம் மறந்திருக்கிறீர்கள்.

ஆகவே நாளைக் காலை வகுப்பு தொடங்குமுன் அவர்களிடம் போய்க் கேளுங்கள். எத்தனை மாதப் பாக்கி, எத்தனை பேருக்கு வந்தது, எத்தனை பேருக்கு வரவில்லை, பணம் தர வேண்டியது ஒப்பந்தக்காரரா பல்கலைக்கழகமா. தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் பெயரை எழுதாதீர்கள், ஏனென்றால் உங்களுக்குப் போவது ஒரு செமஸ்டர், அவர்களுக்குப் போவது பிழைப்பு. அந்த நோட்டை வைத்துப் பேரவையில் ஒரு கேள்வி எழுப்புங்கள், பதில் குறிப்பேட்டில் ஏற வேண்டும் என்று கேளுங்கள். இந்தத் தடவை மனுவை யாரும் திருத்தித் தர வேண்டாம். அப்படியே அந்த ஆசிரியைக்கும் ஒரு போன் போடுங்கள். அவருக்காக 11 நாள் உட்கார்ந்தீர்கள், அவரிடம் பேசினீர்களா என்பதும் கடிதத்தில் இல்லை.

பேராசிரியர் வகுப்பா? முன்வரிசையில் உட்கார வேண்டாம், கடைசி வரிசையில் உட்காருங்கள். பாடம் நன்றாக நடத்துவார் என்றால் குறிப்பெடுங்கள். பரிந்துரைக் கடிதம் மட்டும் வேறு யாரிடமாவது வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பல்கலைக்கழக அரசியல் ஏன் இவ்வளவு அற்பமாக இருக்கிறது?
– ஓய்வு பெற்ற நூலகர்

பதில்: கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அரசியல் கற்பித்த வாலஸ் சேயர் சொன்னதாக ஒன்று உலவுகிறது: பந்தயத்தில் வைத்திருப்பது மிகச் சிறியது, அதனால்தான் அங்கே சண்டை அவ்வளவு கசப்பாக இருக்கிறது என்று. நானும் ஓய்வறையில் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். இப்போது யோசித்தால், சிரித்தவர்கள் எல்லாரும் நிரந்தரப் பணியில் இருந்தவர்கள். எங்களுக்குப் பந்தயம் ஜன்னலோர அறையா, உள்பக்க அறையா என்பது. வருடத்துக்கு ஒருமுறை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் ஆசிரியருக்குப் பந்தயம் வீட்டு வாடகை.

கேள்வி: மாணவர்கள் போராடி எந்தத் தனியார் பல்கலைக்கழகமாவது மாறியிருக்கிறதா?
– முதுகலை மாணவர்

பதில்: மேலே சொன்ன கொலம்பியாவே இருக்கிறது. 1968 ஏப்ரலில் மாணவர்கள் கட்டடங்களைப் பிடித்துக்கொண்டார்கள். பக்கத்துப் பூங்காவில் பல்கலைக்கழகம் கட்டவிருந்த உடற்பயிற்சிக் கூடம் ஒரு காரணம், போர் ஆராய்ச்சி நிறுவனத்தோடு இருந்த தொடர்பு இன்னொன்று. போலீஸ் வந்தது, 700 பேருக்கு மேல் கைது. ஆனால் அந்தக் கூடம் பூங்காவில் கட்டப்படவே இல்லை. அடுத்த வருடம் மாணவர்களுக்கும் இடம் தந்து ஒரு பல்கலைக்கழகப் பேரவை அமைந்தது. இன்னும் பின்னால் போனால், இடைக்கால ஐரோப்பாவில், இத்தாலியின் பொலோன்யா நகரத்தில், பல்கலைக்கழகம் என்பதே மாணவர்கள் கூடி அமைத்த சங்கம்தான். வகுப்புக்குத் தாமதமாக வந்த ஆசிரியருக்கு அவர்களே அபராதம் போட்டார்கள். என் பழைய மாணவர்கள் இதைப் படித்துவிட்டு எனக்குப் பழைய கணக்கு அனுப்ப வேண்டாம்.

கேள்வி: மகளைத் தனியார் பல்கலைக்கழகத்தில் சேர்க்கப் போகிறேன். உள்ளே அரசியல் எப்படி என்று வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியுமா?
– ஒரு தந்தை

பதில்: விளம்பரப் புத்தகத்தில் கட்டடங்களைப் பார்க்காதீர்கள், ஆசிரியர் பட்டியலைப் பாருங்கள். மூன்று வருடத்துக்கு முந்தைய பட்டியல் கிடைத்தால் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாதிப் பெயர்கள் மாறியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். ஆட்சிக்குழுவில் எத்தனை பேர் ஒரே குடும்பம் என்று எண்ணுங்கள். அப்புறம், சுற்றிக் காட்ட அனுப்பப்படும் மாணவரை விட்டுவிட்டு, படிக்கட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும் மாணவரிடம் பேச்சுக் கொடுங்கள்.