வூஹானில் இசை கேட்க: வெளிநாட்டு மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: வூஹானை பங்க் ராக் இசை நகரம் என்கிறார்கள். வந்து ஒரு மாதம் ஆகிறது, ஒரு சுவரொட்டிகூடக் கண்ணில் படவில்லையே அக்கா?

பதில்: சுவரில் தேடினால் கிடைக்காது. எல்லாம் செல்போனுக்குள் இருக்கிறது. லைவ்ஹவுஸ் எனப்படும் சின்ன இசை அரங்குகளின் நிகழ்ச்சிகளுக்குச் சியூதுங் செயலி, பெரிய கச்சேரிகளுக்குத் தாமாய். பிடித்த அரங்கின் பொதுக் கணக்கை வீசாட்டில் பின்தொடருங்கள். அறிவிப்பு பெரும்பாலும் படமாகவே வரும். படத்தை அழுத்திப் பிடித்தால் மொழிபெயர்க்கும் வசதி தெரியும்.

தொடங்க நல்ல இடம் வாக்ஸ். 1996இல் உருவான எஸ்எம்இசட்பி பங்க் குழுவின் டிரம்மர் ஜூ நிங் தொடங்கிய அரங்கு அது. போவதற்கு முன் நெட்ஈஸ் கிளவுட் மியூசிக்கில் சைனீஸ் ஃபுட்பால், ஏவி ஒகுபோ இரண்டையும் கேட்டுவிடுங்கள். இரண்டும் இந்த ஊர்க் குழுக்கள், ஆனால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இருக்காது.

கேள்வி: டிக்கெட் எடுக்கும்போது பெயர் தவறு என்று வருகிறது. என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலி.

பதில்: நம்மவர்களுக்கு அடிக்கடி வரும் சிக்கல். முதலில் ஆவண வகையைப் பாருங்கள்: சீன அடையாள அட்டை என்றே இருக்கும், பாஸ்போர்ட் என்று மாற்ற வேண்டும். பெயரைக் குடியிருப்பு அனுமதியில் அச்சிட்டபடியே, ஆங்கிலப் பெரிய எழுத்தில் இடுங்கள். அப்பா பெயரை நீங்களாகச் சேர்க்காதீர்கள். பாஸ்போர்ட் புதுப்பித்திருந்தால் செயலியிலும் எண்ணை மாற்றுங்கள். பழைய எண்ணோடு போனால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். அசல் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும், நகல் செல்லாது.

பணம் கட்ட, அலிபேயில் வெளிநாட்டு விசா கார்டையோ மாஸ்டர்கார்டையோ இணைக்கலாம். ஒரு பரிவர்த்தனை 200 யுவானைத் தாண்டினால் 3% கட்டணம். 120 யுவான் டிக்கெட் இரண்டு வேண்டுமா? தனித்தனியாக எடுங்கள்.

கேள்வி: தீர்ந்துபோன டிக்கெட்டை வெளியில் வாங்கலாமா?

பதில்: வேண்டாம். கள்ள டிக்கெட் விற்பவரை இங்கே ஹுவாங்நியூ, அதாவது மஞ்சள் மாடு என்பார்கள். 5000 பேருக்கு மேல் கூடும் கச்சேரிகளில் 2023 முதல் ஓர் ஆளுக்கு ஒரு டிக்கெட்தான், பெயரும் முகமும் பொருந்தினால்தான் உள்ளே விடுவார்கள். மஞ்சள் மாட்டிடம் கொடுத்த காசு போனதுதான்.

கேள்வி: இரவு திரும்புவது எப்படி?

பதில்: இது ஊர் அல்ல, மூன்று ஊர். வூசாங், ஹான்கோவ், ஹான்யாங்; நடுவே யாங்சி ஆறு. ஒரே அரங்குக்கு இரண்டு கிளைகள் இருந்தால் டிக்கெட்டில் உள்ள முகவரியைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். தவறான கரையில் இறங்கினால் ஒரு மணி நேரம் வீண். நிகழ்ச்சி பெரும்பாலும் எட்டு மணிக்குச் சொன்னபடி தொடங்கும், பத்து, பத்தரைக்கு முடியும். கடைசி மெட்ரோவையும் விடுதி வாயில் பூட்டும் நேரத்தையும் முன்னாலேயே பார்த்து வையுங்கள்.

கேள்வி: ஒரு மதுக்கடையில் கிதார் வாசித்தால் 300 யுவான் தருவதாகச் சொல்கிறார்கள்.

பதில்: பல்கலைக்கழகத்தின் ஒப்புதல் வாங்கி, குடிவரவு அலுவலகத்தில் குடியிருப்பு அனுமதியில் பகுதிநேர வேலைக் குறிப்புப் பதிந்த பிறகே காசு வாங்கலாம். இல்லையேல் அது சட்டவிரோத வேலை: 5000 முதல் 20,000 யுவான் வரை அபராதம், கடுமையானால் 5 முதல் 15 நாள் காவலும் உண்டு. 300 யுவானுக்கு இது தேவையா?

கேள்வி: எர்ஹூ என்ற இரட்டைத் தந்திச் சீன வில்வாத்தியம் வாங்கி ஊருக்கு எடுத்துப்போக ஆசை.

பதில்: வாங்கும் முன் தோலைப் பாருங்கள். வழக்கமான எர்ஹூவின் முகப்பு மலைப்பாம்புத் தோல். அழியும் உயிரினங்களுக்கான சைட்டிஸ் ஒப்பந்தம் அதைக் கட்டுப்படுத்துவதால், அனுமதிச் சான்று இல்லாமல் எல்லை தாண்டினால் சுங்கத்தில் பறிமுதல் ஆகலாம். கடைக்காரர் "பரவாயில்லை" என்பார். விமானம் ஏறுவது அவர் அல்லவே. செயற்கைத் தோல் போட்டதை வாங்கினால் தொல்லையில்லை, தொனி மட்டும் சற்று மாறும்.

இயற்கைத் தோல்தான் வேண்டுமென்றால் ஈரம் கவனம். ஜூன், ஜூலை மழையில் தோல் தளர்ந்து ஒலி மங்கும். குளிர்கால வறட்சியில் இறுகி வெடிக்கலாம். வாசித்து முடித்ததும் ஒலிப்பெட்டியின் மேல் விளிம்பருகே தந்திகளுக்கு அடியில் ஒரு பென்சிலைச் செருகி வையுங்கள், தந்திகளைத் தாங்கும் குதிரை தோலை அழுத்தாது. வீணையில் சொல்கிறோமே, அதே குதிரைதான். சீனத்திலும் குதிரை என்று எழுதுவதுண்டு.

கேள்வி: சத்தமான இசை ஒத்துவராது. வேறு ஏதாவது?

பதில்: ஹூபெய் மாகாண அருங்காட்சியகம். 1978இல் சுய்சோவ் அருகே தோண்டியெடுத்த 65 வெண்கல மணிகள், கி.மு. 433 காலத்தவை. ஒரே மணியை நடுவில் தட்டினால் ஒரு சுரம், பக்கத்தில் தட்டினால் இன்னொன்று. பிரதி மணிகளில் வாசிக்கும் நிகழ்ச்சிக்குத் தனி டிக்கெட். பாஸ்போர்ட்டைக் கொண்டு முன்பதிவு செய்யுங்கள், திங்கள் விடுமுறை.