ஒன்றரைக்கும் மூன்றுக்கும் நடுவில்

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் தளத்தைக் கொஞ்சக் காலமாக வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. நாங்கள் நிலாவெளி. மகன் தரம் 10, மகள் தரம் 8, இரண்டு பேரும் திருகோணமலை டவுனில் படிக்கிறார்கள். கணவர் கட்டாரில். நான் வேலை முடிந்து வீடு வர ஐந்து மணி தாண்டிவிடும். ஒன்றரைக்கு ஸ்கூல் விட்டால் மூன்று மணிக்கு ரியூசன். வீட்டுக்கு வந்து திரும்பிப் போக நேரமும் காணாது, பஸ் காசும் கட்டாது. அதனால் டவுனிலேயே நிற்கிறார்கள். எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டால் ‘சும்மா அங்காலதான்’ என்கிறார்கள்.

போன கிழமை பக்கத்து வீட்டு அன்ரி வந்து, மகன் பின்னேரம் டச்பே கடற்கரையில் ஒரு பெண்பிள்ளையோடும் இரண்டு பெடியன்களோடும் நின்று ஐஸ்கிறீம் குடித்ததைக் கண்டதாகச் சொன்னார். அன்றிரவே கணவருக்கும் யாரோ சொல்லி, அவர் வட்ஸ்அப்பில் எடுத்து, இனி வகுப்பு முடிந்தால் நேரே பஸ் என்று கத்திவிட்டார். மகன் இப்போது என்னோடு சரியாகக் கதைப்பதில்லை. கடற்கரை வேண்டாமென்றால் வேறு எங்கே போவது என்று மட்டும் ஒருநாள் கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. ஐஸ் போதைப்பொருள், மாவாப் புகையிலை என்று கேள்விப்படுவதை நினைத்தால் நித்திரை வருவதில்லை. திருகோணமலையில் பிள்ளைகளைப் பயமில்லாமல் விடக்கூடிய இடங்கள் நாலைந்து சொல்வீர்களா? பெயர் போடவேண்டாம்.

நிலாவெளியிலிருந்து ஒரு தாய்

*

அன்புள்ள தங்கைக்கு,

பெயர் போடவில்லை. ஆளை அடையாளம் காட்டக்கூடிய இரண்டு வரிகளையும் எடுத்துவிட்டேன், நிலாவெளியில் யாருக்கு யாரைத் தெரியாது.

நீங்கள் இடம் கேட்கிறீர்கள். எனக்கு உங்கள் கடிதத்தில் முதலில் கண்ணில் பட்டது நேரம். பின்னேரத்து டச்பேயைப் பற்றி அவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், ஒன்றரைக்கும் மூன்றுக்கும் நடுவில் பிள்ளைகள் எங்கே என்பதை ‘சும்மா அங்காலதான்’ என்ற இடத்தோடு விட்டுவிட்டீர்கள். என்னைக் கேட்டால், பயப்படவேண்டியது அந்த ஒன்றரை மணித்தியாலத்துக்குத்தான்.

ஐந்தரை மணிக்கு ஒருநாள் டச்பேயில் போய் நின்று பாருங்கள். பிள்ளையைத் தோளில் வைத்த அப்பாமார், டொக்டர் நடக்கச் சொன்னதால் நடக்கிற சீனி வருத்தக்காரர், கச்சான் வண்டி, வடை வண்டி, பட்டம் விடுகிற சின்னன்கள், கோயிலுக்குப் போய்விட்டு வந்து கால் நனைக்கிற வெளியூர்ச் சனம். அந்தக் கூட்டத்துக்குள் ஒரு பெடியன் ஒரு பெண்பிள்ளையோடு ஐஸ்கிறீம் குடித்தால் அன்றிரவே கட்டாருக்குச் செய்தி போய்விடுகிறது. இதைவிடப் பாதுகாப்பான இடத்தை நான் எங்கே தேடித் தருவது?

அதே டச்பே பகல் இரண்டு மணிக்கு வேறு ஊர். ஆடி மாதத்தில் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற நாளில் மணல் சுடும், வண்டிக்காரர் ஒருவரும் வந்திருக்கமாட்டார்கள், மரநிழலில் வேலைவெட்டியில்லாத நாலு பேர் சாய்ந்திருப்பார்கள். யூனிபோமோடு அங்கே போய் உட்காருகிற பதினைந்து வயதுப் பிள்ளையை யாரும் கவனிப்பதில்லை, கவனிக்கிறவர் நல்ல நோக்கத்தோடு கவனிக்கிறாரா என்பதும் தெரியாது. டவுன் முழுக்க அந்த நேரம் அப்படித்தான். கடைக்காரர் சாப்பாட்டுக்குப் போய்விடுவார், கந்தோர்க்காரர் உள்ளே இருப்பார்கள், ரியூசன் வாசல் பூட்டியிருக்கும். பிள்ளைகள் அதன் பக்கத்து ஒழுங்கையில், மதில் நிழலில், சைக்கிளைச் சாய்த்துவிட்டு நிற்பார்கள். ஸ்கூலுக்கு போன் கொண்டுபோக விடுவதில்லை என்பதால் கையில் போனும் இராது. நீங்கள் கேட்ட மாவா விற்கிறவனுக்கு இதைவிட வசதியான நேரம் இல்லை.

கடற்கரை என்றதும் உங்களுக்கும் கணவருக்கும் வயிறு கலங்குவதன் காரணம் எனக்குத் தெரியும், உங்கள் மகனுக்குத் தெரியுமோ தெரியாது. 2006 ஜனவரி 2 ஆம் திகதி பின்னேரம் காந்தி சிலையடியில், கடற்கரையோரம் கூடிநின்று கதைத்துக்கொண்டிருந்த மாணவர்களில் ஐந்து பேர் கொல்லப்பட்டார்கள். வழக்கு இழுபட்டு, 2019 இல் விசேட அதிரடிப்படையினர் உட்படக் குற்றஞ்சாட்டப்பட்ட 13 பேரும் போதிய சாட்சியமில்லை என்று விடுவிக்கப்பட்டார்கள். அந்தப் பிள்ளைகள் செய்ததும் இதுதான், நண்பர்களோடு கடற்கரையில் நின்றது. அதற்குப் பிறகு இந்த ஊரில் தாய்தகப்பன் ஆன எவரும் ‘பிள்ளை கடற்கரையில் நிற்கிறான்’ என்ற வசனத்தைச் சும்மா கேட்டதில்லை. அந்தப் பயத்தை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் மகனிடம் அதைச் சொல்லுங்கள், ஒரு முறை உட்காரவைத்து முழுதாகச் சொல்லுங்கள். காரணம் சொல்லாமல் ‘வேண்டாம்’ என்றால் ஐஸ்கிறீமுக்கும் பெண்பிள்ளைக்கும்தான் நீங்கள் கோபப்படுகிறீர்கள் என்று அவன் நினைப்பான். பாதிக்குப் பாதி அது சரியும்தானே?

டச்பேக்கு விடுங்கள், ஆனால் கடலில் இறங்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். பார்க்க அமைதியாக இருந்தாலும் அடியில் நீரோட்டம் இழுக்கும். வாடைக்காற்றுத் தொடங்கிவிட்டால், கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில், கால் நனைக்கிற கதையே வேண்டாம். உப்புவெளிப் பக்கம் ஹோட்டல் கரைகளை நான் பதினைந்து வயதுக்குச் சிபாரிசு செய்யமாட்டேன். வெளிநாட்டுக்காரரால் இல்லை, அங்கே பியர்ப் போத்தல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்.

கோணேசர் கோயில் பக்கம் போகிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். கோட்டைக்குள்ளால் போகிற பாதையில் எந்நேரமும் சனமும் இராணுவமும் இருக்கும், பகலிலும் நிழல் உண்டு, மான்களும் உண்டு. (இந்த மான்களுக்குப் பயம் விட்டுப்போய்ப் பல காலம். ஒரு பெடியனின் புத்தகப்பையின் பக்கத்துப் பொக்கற்றுக்குள் மூக்கை விட்டு, சோற்றுப் பார்சல் சுற்றிய லஞ்ச் சீற்றை மெதுவாக இழுத்தெடுத்து, அவன் திரும்பிப் பார்ப்பதற்குள் பாதியை விழுங்கிவிட்ட மானை நான் கண்டிருக்கிறேன். பொலித்தீனை மானுக்கு எட்டவிடக்கூடாது என்றும் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்.) கோயிலடியில் மலை பிளந்திருக்கிற இராவணன் வெட்டுப் பக்கம் செல்பி எடுக்கிறோம் என்று கம்பிக்கு அப்பால் போகிறதுதான் ஒரே கவலை. விழுந்தால் நேரே பாறையும் கடலும்.

பொது நூலகம் என்று எல்லாரும் சொல்வார்கள், நானும் சொல்கிறேன். விசிறி இருக்கிறது, கதிரை இருக்கிறது, பொறுப்பான பெரியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஆறு மணித்தியாலம் வகுப்பில் வாய்மூடி இருந்த பிள்ளையை மறுபடி வாய்மூடி இரு என்று அனுப்பினால் எத்தனை நாள் போவான்? பரீட்சை நெருங்கும் மாதங்களில் சரிவரும். மற்ற நாளில் பெடியன்களுக்குக் கதைக்க வேண்டும், சத்தம் போட வேண்டும், ஒருவனையொருவன் தள்ள வேண்டும். அதற்கு மைதானம்தான். மக்கெய்சர் விளையாட்டரங்குப் பக்கமோ ஏகாம்பரம் மைதானமோ, நாலரைக்குப் பிறகு போனால் பந்தடிக்கிற பெரிய அண்ணாமார் இருப்பார்கள், அவர்களில் இரண்டு பேருக்கு உங்கள் மகனின் பெயர் தெரிந்திருந்தால் எனக்கு அது போதும்.

இனி மகள். உங்கள் கடிதத்தில் மகனைப் பற்றி அவ்வளவும் இருக்கிறது, மகள் தரம் 8 என்பதைத் தவிர அவளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அவளுக்கும் அதே ஒன்றரை மணித்தியாலம் இருக்கிறதே, அவள் எங்கே நிற்கிறாள்? பெண்பிள்ளை அங்கங்கே திரியாது என்று நாங்கள் நினைத்துக்கொள்கிறோம். திரிவதில்லை, உண்மைதான், ஏனென்றால் திரிய இடமில்லை. மைதானம் பெடியன்களுக்கு, சந்தி ஓட்டோக்காரருக்கு, தேத்தண்ணிக் கடை ஆம்பிளைகளுக்கு. பெண்பிள்ளைகள் ரியூசன் வாசல் படியில் பையை மடியில் வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், தண்ணீர் குடிக்காமல். ஏன் குடிப்பதில்லை என்று ஒருத்தியைக் கேட்டுப் பாருங்கள். குடித்தால் எங்கே போவது என்பாள். காலை ஏழு மணிக்கு வீட்டால் வெளிக்கிட்ட பிள்ளை, ஸ்கூல் ரொய்லற் பிடிக்காமல் அங்கேயும் போகாமல், பின்னேரம் வீடு வரும்வரை அடக்கிக்கொண்டு இருக்கிறது. ஆகவே இடம் பார்க்கிறவர்களுக்கு நான் சொல்வது, முதலில் பூட்டுப் போடக்கூடிய ஒரு ரொய்லற் இருக்கிறதா என்று பாருங்கள். மற்றதெல்லாம் பிறகு.

அப்படிப் பார்த்தால் கடைசியில் மிஞ்சுவது இரண்டு. ஒன்று ரியூசன் நிலையம். வாசலை மூன்று மணிக்குத் திறக்கிறவரை ஒன்றே முக்காலுக்குத் திறக்கச் சொல்லிக் கேளுங்கள். தனியே போகாதீர்கள், நிலாவெளி, சாம்பல்தீவுப் பக்கமிருந்து வருகிற பிள்ளைகளின் தாய்மார் நாலைந்து பேராகப் போங்கள். எனக்குத் தெரிந்த ஒரு இடத்தில் இப்படிக் கேட்டு, சேர் ஒரு வகுப்பறையைத் திறந்துவிட, ஏ.எல். படிக்கிற இரண்டு பிள்ளைகள் அங்கேயே இருந்து தங்கள் வேலையைப் பார்க்கிறார்கள். மின்சாரச் செலவுக்குத் தாய்மார் மாதம் கொஞ்சம் கொடுக்கிறார்கள். சின்னப் பிள்ளைகள் கரம் விளையாடுகிறார்கள், சாப்பிடுகிறார்கள், சிலது மேசையில் தலையை வைத்து நித்திரையும் கொள்கிறது. சேருக்கும் லாபம், பிள்ளை நேரத்துக்கு வகுப்பில் இருக்கிறது.

இரண்டாவது, டவுனுக்குள் இருக்கிற ஒரு சிநேகிதியின் வீடு. உவர்மலையிலோ உட்துறைமுக வீதிப் பக்கமோ வகுப்புப் பிள்ளை ஒன்றின் வீடு கட்டாயம் இருக்கும். தாயோ அம்மம்மாவோ பகலில் வீட்டில் இருக்கவேண்டும், அதை நேரில் போய்ப் பார்த்துவிட்டே விடுங்கள், வெறுங்கையோடு போகாமல். அங்கே வேறு யார் யார் வந்துபோகிறார்கள் என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். பிள்ளைகளைத் துன்புறுத்துகிறவர் பெரும்பாலும் பிள்ளைக்குத் தெரிந்த ஆளாகவே இருக்கிறார். மாமா என்று கூப்பிடுகிற ஆளாக இருந்தாலும் உடம்பில் தொட்டால் கத்தலாம், எழும்பி வெளியே போகலாம், அதற்காக அம்மா ஏசமாட்டா என்பது இரண்டு பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். மகனுக்கும்தான், பெடியனுக்கு ஒன்றும் நடக்காது என்று நம்பிவிட்டு இருக்காதீர்கள். சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்தை அவர்களே மனப்பாடமாக வைத்திருக்கட்டும்.

மாவா பற்றிக் கேட்டீர்கள். புகையிலைச் சாமானை 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கக்கூடாது என்று 2006 ஆம் ஆண்டிலிருந்து சட்டம் இருக்கிறது, இருந்தும் கிடைக்கிறது. நான் பார்க்கிற அடையாளம் ஒன்று சொல்கிறேன். பெட்டிக்கடையில் ரோல்சும் சோடாவும் வாங்குவது பிரச்சினையில்லை. பள்ளிப் பிள்ளைக்குக் கொப்பியில் கடன் எழுதுகிற கடை எது என்று பாருங்கள். பெரியவர்களுக்கே கடன் இல்லை என்று பலகை தொங்கவிடுகிற காலத்தில், உழைக்காத பிள்ளைக்கு ஒருவர் ஏன் கடன் கொடுக்கிறார்? மகனின் பெயரில் அப்படி எங்காவது கணக்கு இருந்தால் சத்தம் போடாமல் போய்க் கட்டி முடியுங்கள், கடைக்காரரிடம் இனி இல்லை என்று சொல்லுங்கள், பிறகு மகனோடு கதையுங்கள். இந்த ஒழுங்கை மாற்றாதீர்கள்.

கணவருக்கு என்ன சொல்வது? அவர் தூரத்தில் இருக்கிறார், ஆராவது ஒரு வரி சொன்னால் மிச்சத்தை அவரே கற்பனை பண்ணிக்கொள்வார், பாவம். அவரிடம் இப்படிக் கேளுங்கள்: மகன் எங்கள் கண்ணில், ஊர்க் கண்ணில் படுகிற இடத்தில் நின்றான், அதற்கு ஏச்சு விழுந்தது, அடுத்த முறை எந்த மாதிரி இடத்தில் நிற்பான்? அவரும் இந்த ஊரில் வளர்ந்தவர் என்றால் அவருக்கே தெரியும், ஏச்சுக்குப் பயந்து தான் எங்கே போய் நின்றார் என்று. டச்பே தடையை எடுத்துவிட்டு, கிழமையில் இரண்டு நாள், வகுப்பு முடிந்து ஆறு மணிவரை என்று பேசுங்கள். எங்கள் பக்கம் சூரியன் மரத்துக்குப் பின்னால் போனதும் சடாரென்று இருட்டிவிடும், நிலாவெளி பஸ்ஸும் பிந்தினால் கூட்டம். மகள் தனக்கும் ஒருநாள் வேண்டும் என்று கேட்டால், கேட்பாள், சிநேகிதிகளோடு அவளையும் விடுங்கள்.

அந்தப் பெண்பிள்ளை யார் என்று மட்டும் உடனே விசாரிக்கப் போகாதீர்கள். அவனாகச் சொல்வான், அல்லது அந்த அன்ரி சொல்வார்.

ரியூசன் சேரிடம் கேட்கப் போவதென்றால் அடுத்த தவணை தொடங்க முன்னமே போங்கள், தொடங்கிவிட்டால் நேர அட்டவணையைக் காட்டிக் கையை விரித்துவிடுவார். எந்த வீதியில் எந்த நிலையம் என்று எனக்குத் தனியாக எழுதுங்கள். தெரிந்தவராக இருந்தால் நானும் ஒரு வார்த்தை சொல்லிவைக்கிறேன். சனிக்கிழமை காலை என்றால் கூடவும் வரலாம்.

அன்புடன்,
அக்கா