மிஷின் பின்னால் ஓடும் பையனை எந்த குரூப்பில் சேர்ப்பது?

கேள்வி: நீடாமங்கலம் பக்கத்தில் எங்களுக்கு ஆறு மா நிலம். மகன் ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில்தான் படிக்கிறான். இப்போது பத்தாவது தேறிவிட்டான், கணக்கில் 52 மார்க். ஊருக்குள் அறுப்பு மிஷின் வந்தால் சோறு தண்ணி இல்லாமல் அதன் பின்னாலேயே திரிவான். பாலிடெக்னிக்கில் சேருவேன் என்கிறான். சென்னையில் இருக்கும் என் தம்பியோ, ‘கம்ப்யூட்டர் குரூப்பில் போடு, அக்கா’ என்கிறான். ஏ.ஐ. வந்து அந்த வேலையெல்லாம் போய்விடும் என்று டிவியில் சொல்கிறார்களே, யார் பேச்சைக் கேட்பது?
- ஒரு வாசகி

பதில்: டிவியைக் கொஞ்சம் அணைத்துவிட்டு உங்கள் வயலையே பாருங்கள், சகோதரி. அறுப்புக்கு ஆள் தேடி அலைந்த காலம் போய், இப்போது மணிக்கணக்கில் வாடகை பேசி மிஷினை இறக்குகிறோம். அரிவாள் பிடித்தவர்களுக்கு வேலை போனது நிஜம்தான். ஆனால் மழை மூட்டமாக இருக்கிற நாளில் அந்த மிஷின் சேற்றில் நின்றுவிட்டால், அதைக் கழற்றி மாட்டத் தெரிந்த ஃபிட்டருக்கு எத்தனை பேர் போன் போடுகிறோம்! உங்கள் பையன் அந்த இடத்தை மோப்பம் பிடித்திருக்கிறான். நல்ல மூக்கு.

அதற்காக உடனே பாலிடெக்னிக்குக்குத் தலையாட்டிவிடாதீர்கள். அது மோசமான வழியில்லை. மூன்று வருட டிப்ளமோ முடித்து பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். ஆனால் உங்கள் வீட்டுக்கு வேறொரு கணக்கு இருக்கிறது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல், வேளாண்மை, மீன்வளம் போன்ற படிப்புகளில் 2021 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அதில் பொறியியல் கிடைத்தால் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. ஐந்து வருடம் பொறுத்தவர்கள் இன்னும் இரண்டு வருடம் பொறுக்கலாம். ‘பிளஸ் டூ-வுக்கு மட்டும் தனியார் பள்ளி’ என்று யாராவது ஆசை காட்டினாலும் மசியாதீர்கள். அங்கே போனால் அந்த ஒதுக்கீடு கை நழுவிவிடும்.

குரூப் விஷயத்தில் உங்கள் தம்பி சொன்னது சரி, காரணம்தான் வேறு. அந்த குரூப்பில் கம்ப்யூட்டரோடு கணக்கு, இயற்பியல், வேதியியல் மூன்றும் இருக்கின்றன. திருச்சி குமுளூரில் வேளாண் பொறியியல் கல்லூரி இருக்கிறது. டிராக்டர், அறுவடை இயந்திரம், பாசனம் எல்லாம் அங்கே பாடமே. தஞ்சாவூரில் உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. ஈர நெல்லைக் காப்பாற்ற வழி தேடித் திருவாரூரில் சிறிய ஆராய்ச்சி மையமாகத் தொடங்கியது, இன்று பி.டெக். தருகிறது. (அதற்கு ஜே.இ.இ. என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும்.) இரண்டுக்கும் அந்த மூன்று பாடங்களும் வேண்டும். கணக்கை விட்டால் இரண்டும் மூடிவிடும்.

52 மார்க்கை நினைத்துப் பயப்படாதீர்கள். அவனிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்: கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் தகராறு. நம்மிடம் 22 சதவீத ஈரத்தில் 1,000 கிலோ நெல் இருக்கிறது. 17-க்குக் காயவைத்தால் எடை எவ்வளவு குறையும்? 50 கிலோ என்று சட்டென்று வாய் சொல்லும். சரியான விடை ஏறக்குறைய 60. ஏன் என்று பேப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான் என்றால், அவனுக்குக் கணக்கு வரும், புத்தகக் கணக்குதான் இன்னும் ஒட்டவில்லை. நல்ல டியூஷன் ஒன்று போதும். பதினொன்றாம் வகுப்பில் அரையாண்டு வரை முட்டிப் பார்த்தும் ஏறவே இல்லையென்றால், அடுத்த ஜூனில் பாலிடெக்னிக் சேர்க்கலாம். ஒரு வருடம் போனால் குடி முழுகாது.

இடையில் ‘ட்ரோன் ஓட்டக் கற்றுத் தருகிறோம், உடனே வேலை’ என்று எவராவது பணம் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். அந்த உரிமத்துக்கே 18 வயது ஆக வேண்டும்.

லீவு நாளில் மன்னார்குடியிலோ தஞ்சாவூரிலோ தெரிந்தவர் ஒர்க் ஷாப்பில் உட்கார்ந்து பார்க்க விடுங்கள். கூலி வேலைக்கு விடச் சொல்லவில்லை. மிஷின் வயலில் ஓடும்போது மட்டும் பக்கத்தில் போகக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள். கைலியோடு போகவே கூடாது.