ஹூஸ்டன் குற்றவியல் நீதிபதி தேர்தல்: வாக்காளர் கேள்விகளும் வழக்கறிஞர் பதில்களும்

கேள்வி: ஐயா, வாக்குச்சீட்டின் அடியில் எண்ணிட்ட நீதிமன்றங்கள் வரிசையாக வருகின்றன. பெயரே கேள்விப்படாதவர்களுக்கு எதற்காக வாக்களிக்க வேண்டும்?

பதில்: டெக்சஸ் மாநிலத்தில் ஹூஸ்டன் நகரை உள்ளடக்கிய உள்ளாட்சிப் பகுதியான ஹாரிஸ் கவுண்டியில் ஓராண்டுக்கு மேற்படாத சிறைக்குரிய மிஸ்டிமீனர் வழக்குகளைக் கவுண்டி குற்றவியல் நீதிமன்றங்களும், அதைவிடக் கடுமையான ஃபெலனி வழக்குகளை 174, 263, 351 என்று எண்ணிட்ட மாவட்ட நீதிமன்றங்களும் விசாரிக்கின்றன. இரண்டுக்குமே நீதிபதிகள் கட்சிச் சார்பில் போட்டியிட்டு, நான்கு ஆண்டுப் பதவிக்காலத்துக்கு மக்களால் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள்.

அவர்கள் கையில் என்ன இருக்கிறது என்பதற்கு ஒன்றைச் சொல்கிறேன். செல்லாத உரிமத்தோடு வண்டி ஓட்டியதற்காக 2016இல் கைதான ஓர் இளம் தாய், 2,500 டாலர் ஜாமீன் கட்ட வழியின்றிச் சிறையில் இருந்தார். அவர் தொடுத்த வழக்கில், பணம் கட்ட முடியாத ஏழைகளை அந்த ஒரே காரணத்துக்காக அடைத்து வைப்பதற்கு கூட்டாட்சி நீதிபதி லீ ரோசந்தால் 2017 ஏப்ரலில் தடை விதித்தார். அப்போதிருந்த 16 மிஸ்டிமீனர் நீதிபதிகளில் பெரும்பாலோர் அந்தத் தடையை எதிர்த்து மேல்முறையீடு செய்தார்கள். 2018 நவம்பரில் அந்த இருக்கைகள் அனைத்தும் ஜனநாயகக் கட்சியினரிடம் சென்றன. 2019 தொடக்கத்தில் பொறுப்பேற்ற புதியவர்கள், பெரும்பாலான மிஸ்டிமீனர் வழக்குகளில் பணம் கட்டாமலேயே வெளியே வர வழிசெய்யும் விதியை இயற்றினார்கள். அவ்வாண்டு இறுதிக்குள் வழக்கும் சமரசத்தில் முடிந்தது. வாக்குச்சீட்டின் அடிப்பகுதியை நிரப்பாமல் வந்தவர்கள் விட்டுக்கொடுத்தது இவ்வளவு பெரிய முடிவை.

கேள்வி: கிரீன் கார்டு வைத்திருக்கிறேன். உள்ளூர்த் தேர்தல்தானே, வாக்களிக்கலாமா?

பதில்: கூடாது. வாக்காளராகப் பதிவும் செய்யக் கூடாது. குடியுரிமை இல்லாதவர் வாக்களித்தால் தண்டனை மட்டுமல்ல, நாடு கடத்தப்படவும் நேரிடலாம். யாராவது படிவத்தை நீட்டினால் கையெழுத்திடாதீர்கள்.

கேள்வி: மகனைப் பார்க்க வந்திருக்கும் ஓய்வுபெற்ற அரசு அலுவலர் நான். நம் ஊரில் உரிமையியல் நீதிபதிகள் தேர்வு எழுதி வருகிறார்கள். மாவட்ட நீதிபதியை உயர் நீதிமன்றத்தைக் கலந்து ஆளுநர் நியமிக்கிறார். ஓட்டுக் கேட்டு வருபவரிடம் நடுநிலையை எப்படி எதிர்பார்ப்பது?

பதில்: ஐயா, தங்கள் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது, அந்தப் பாதியை நான் மறுக்கப் போவதில்லை. ஜாமீன் வழக்கில் சமரசத்தை ஆதரித்த குடியரசுக் கட்சி நீதிபதி மைக் ஃபீல்ட்ஸும் 2018இல் மற்றவர்களோடு சேர்ந்தே தோற்றார். ஒரே பொத்தானில் கட்சி முழுவதற்கும் வாக்களிக்கும் முறை அப்போது இருந்தது. 2020 தேர்தலிலிருந்துதான் அது நீக்கப்பட்டது. தம் முன் வாதாடும் வழக்கறிஞர்களிடமே நீதிபதிகள் தேர்தல் நிதி பெறுகிறார்கள் என்பதும் உண்மை. 1995ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு உச்சவரம்பு வைத்ததே தவிர நிறுத்தவில்லை. டெக்சஸ் உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதிகளாக இருந்த வாலஸ் ஜெஃபர்சனும் நேத்தன் ஹெக்டும் கட்சிச் சார்பான இந்த முறையை மாற்றும்படி வெளிப்படையாகவே கேட்டார்கள்.

கேள்வி (அவரே): அப்படியானால் நியமனமே மேல் என்று ஒப்புக்கொள்கிறீர்கள்.

பதில்: இல்லை ஐயா. மாவட்ட நீதிபதி இருக்கை இடையில் காலியானால் இங்கேயும் ஆளுநர்தான் நியமிக்கிறார். அந்த நியமனம் அரசியல் கலவாதது என்று யாரும் சொல்வதில்லை. வேறுபாடு என்னவென்றால், அப்படி வந்தவரும் அடுத்த தேர்தலில் மக்கள் முன் நின்றாக வேண்டும். ஏழைகள் ஜாமீன் பணம் கட்ட முடியாமல் சிறையில் கிடந்த காலத்தில், அந்த வழக்கத்தை விட்டுக்கொடுக்காதவர்களை அகற்ற ஹாரிஸ் கவுண்டி மக்களுக்கு ஒரு வழி இருந்தது. தேர்வு எழுதி அமர்ந்தவரை அகற்ற மக்களுக்கு என்ன வழி?

கேள்வி (ஹூஸ்டனுக்கு அருகில் உள்ள கேட்டி என்ற ஊரிலிருந்து ஒரு வாசகி): பெரியவர் சொல்வதே சரி. மக்கள் கோபத்துக்குப் பயந்து நீதிபதி கடுமையான தண்டனை கொடுக்க மாட்டாரா?

பதில்: அம்மா, அந்த அபாயத்தை நான் மிகவும் மதிக்கிறேன். தேர்தல் ஆண்டில் ஜாமீன் விசாரணைக்கு நிற்கும் எந்த வழக்கறிஞருக்கும் அந்தக் கவலை இருக்கும். ஆனால் டெக்சஸில் வழக்கு ஜூரி, அதாவது பொதுமக்களிலிருந்து தேர்ந்த நடுவர் குழு முன் சென்றால், தண்டனையையும் ஜூரியே முடிவு செய்யட்டும் என்று குற்றஞ்சாட்டப்பட்டவர் கேட்கலாம். மரண தண்டனையில், முன்வைக்கப்படும் கேள்விகளுக்கு ஜூரி தரும் விடைகள்தான் முடிவைத் தீர்மானிக்கின்றன. எனவே தேர்தல் பயம் முதலில் தாக்கும் இடம் ஜாமீன்தான். வேட்பாளரிடம் நீங்கள் கேட்க வேண்டியதும் அதைப் பற்றித்தான்.

கேள்வி: நமக்கு வேண்டியவர் வென்றால் என் தம்பி வழக்குக்கு உதவுவாரா?

பதில்: மாட்டார். எதிர்த்தரப்பு இல்லாமல் அவரிடம் வழக்கைப் பற்றிப் பேசவே கூடாது.

கேள்வி: கூட்டத்தில் அறிமுகமான வேட்பாளரிடம் மருமகன் வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லலாமா?

பதில்: மேலே உள்ள பதிலைப் படியுங்கள்.

கேள்வி: ஹெச்1பி விசாவில் இருக்கிறேன். வேட்பாளருக்கு நன்கொடை தரலாமா?

பதில்: தரக் கூடாது, உள்ளூர்த் தேர்தலுக்கும் இந்தத் தடை உண்டு. கிரீன் கார்டு வைத்திருப்பவர் நன்கொடை தரலாம், ஆனால் வாக்களிக்கக் கூடாது. இதை எத்தனை முறை கேட்டாலும் சொல்வேன்.

கேள்வி: விவாகரத்து வழக்கு நடக்கிறது, எந்த நீதிபதி நல்லவர்?

பதில்: அது குடும்ப நீதிமன்றம், என் துறை அன்று. குடும்ப வழக்கறிஞரை அணுகுங்கள்.

கேள்வி: சரி, யாருக்கு வாக்களிப்பது என்று எப்படி முடிவு செய்வது?

பதில்: ஹூஸ்டன் வழக்கறிஞர் சங்கம், நீதிபதிகளைப் பற்றி வழக்கறிஞர்களிடம் எடுக்கும் மதிப்பீட்டை வெளியிடுகிறது, மகளிர் வாக்காளர் கழகத்தின் கையேட்டில் வேட்பாளர்கள் கேள்விகளுக்குத் தாங்களே பதில் எழுதுகிறார்கள். இவற்றைப் படித்த பிறகு ஒரு நாள் காலை ஃபிராங்க்ளின் தெரு 1201இல் உள்ள குற்றவியல் நீதிமன்றக் கட்டடத்துக்குப் போய் உட்காருங்கள். விசாரணைகள் பொதுமக்களுக்குத் திறந்தவை. சிறை உடையில் நிற்பவரின் பெயரைச் சொல்லி அழைக்கிறாரா, அவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருக்கிறாரா, அரசு வழக்கறிஞரிடம் காரணம் கேட்கிறாரா என்று கவனியுங்கள். நீங்கள் ஆதரிக்கும் கட்சி வலுவாக உள்ள இடத்தில் கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் மார்ச் மாத முதனிலைத் தேர்தலைத் தவறவிடாதீர்கள். உண்மையான போட்டி பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடுகிறது. தேர்ந்த பெயர்களைக் காகிதத்தில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். வாக்குச்சாவடிக்குள் கைபேசியைப் பயன்படுத்த அனுமதி இல்லை.